ஆண்-ஒன்பதின் விரல்கள்

தவளைக்கு மொத்தம் பதினெட்டு விரல் என்பது அருணாசலவடிவுக்கு வேலையில் சேர்ந்த பிறகுதான் தெரியும். முன்னங்காலில் நாலு நாலு, பின்னங்காலில் ஐந்து ஐந்து. பன்னிரண்டு வயதிலிருந்து முப்பது வருஷம் ஏரல் பக்கத்து வயல்களில் நாற்று நட்டவள் அவள். காலில் ஏறிய தவளைகளைப் புறங்காலால் தள்ளிவிட்டிருக்கிறாளே தவிர விரலை எண்ணிப் பார்த்ததில்லை. எண்ண வேண்டிய அவசியம் அந்தத் தவளைகளுக்கும் வந்ததில்லை.

அருகிவரும் தவளைகள் மரபணுப் பன்மைப் பாதுகாப்பு மையம் தூத்துக்குடித் துறைமுகச் சாலையில், உப்பளத்துக்கும் நிலக்கரிக் கிடங்குக்கும் நடுவில் இருந்தது. தவளைக்கு உப்பு ஆகாது. மேலே பட்டால் சுருண்டு செத்துப்போகும். ஆனால் முத்துச்சிப்பி வளர்ப்பதற்காகக் கட்டி, சிப்பி வராமலேயே பத்து வருஷம் பூட்டிக் கிடந்த கட்டடம் அங்கேதான் இருந்தது. கட்டடத்தைத் தவளை இருக்கிற இடத்துக்கு நகர்த்த விதியில்லை. தவளையைக் கட்டடம் இருக்கிற இடத்துக்கு நகர்த்த விதி இருந்தது. அதனால் சொரிமுத்து அண்ணாச்சி தினமும் டேங்கர் லாரியில் தாமிரபரணித் தண்ணீரை முப்பது கிலோமீட்டர் கொண்டுவந்து கொட்டினார்.

விண்ணப்பப் படிவத்தில் ‘தவளைகளுடன் முன் அனுபவம்’ என்று ஒரு கட்டம் இருந்தது. வடிவு ‘உண்டு’ என்று எழுதினாள்.

“எத்தனை வருஷம்?” என்று நேர்காணலில் கேட்டார் இயக்குநர் டாக்டர் அருமைநாயகம்.

“முப்பது சார்.”

அவருக்கு நாலு. வேலையைக் கொடுத்தார். பராமரிப்பு உதவியாளர், அடைப்புக்குறிக்குள் தற்காலிகம்.

மையத்தில் இருந்தது ஒரே இனம், பொன்வரித் தவளை. முதுகின் நடுவே மூக்கிலிருந்து பின்பக்கம்வரை மஞ்சளாக ஒரு கோடு, யாரோ பெயிண்ட் பிரஷ்ஷால் ஒரே இழுப்பாக இழுத்த மாதிரி. ஆற்றின் மேல்கட்டு, நடுக்கால்வாய், கீழ்க்குளம் என்று மூன்று இடத்திலிருந்து முப்பத்தாறு பிடித்து வந்திருந்தார்கள். ஆண் பதினாலு, பெண் இருபத்திரண்டு. வெளியே அந்த இனம் கண்ணில் படுவதே நின்றுபோயிருந்தது. ஏன் மூன்று இடத்துத் தவளை என்பதை ஜெர்லின்தான் அவளுக்கு விளக்கினாள். கடற்கரைக்காரப் பெண், ஆராய்ச்சி மாணவி, மையத்திலேயே தவளையைத் தவளையாகப் பார்க்கிற இன்னொரு ஆள்.

“ஒரே குளத்துத் தவளை தனக்குள்ளயே கூடிக்கிட்டே இருந்தா நோஞ்சான் குஞ்சா வரும்க்கா. முட்டை பொரிக்காது. பொரிச்சாலும் தங்காது. சொந்தத்துக்குள்ளயே கட்டிக் கட்டி…” என்றவள் சட்டென்று நிறுத்தினாள். வடிவு கட்டியது தாய்மாமனை. பிறந்த இரண்டும் மூன்று மாதம் தாண்டவில்லை.

“சொல்லுளா. எனக்குத் தெரியாததா?”

“அதான்க்கா. மேல்கட்டு ஆளும் கீழ்க்குளத்து ஆளும் சேரணும். அதுக்குத்தான் இவ்வளவு பெரிய கட்டடம்.”

வடிவுக்கு அது பிடித்திருந்தது. இத்தனை பெரிய கட்டடமும் குளிர்பதன அறையும் ஜீப்பும் ஒரு கல்யாணத்துக்காக என்று நினைத்தபோது அவளுக்கு அரசாங்கத்தின் மீது அன்பே வந்தது. ஒரு மாதம் இருந்தது அந்த அன்பு.

முதல் விரலை அடையாளத்துக்காக வெட்டினார்கள். நுனியை நறுக்கி, சாராயம் ஊற்றிய சின்னக் குப்பியில் போட்டு, லேபிள் ஒட்டி உறையறையில் வைத்தால் அதுதான் மாதிரி. நியாயம்தான் என்று வடிவு கால்களைப் பிடித்துக்கொண்டாள். மூன்று மாதம் கழித்து இரண்டாவது விரல் கேட்டார்கள்.

“முதல்ல வெட்டுனது கெட்டுப்போச்சா?” என்று கேட்டாள்.

“கெடலக்கா. காலாவதி ஆயிருச்சு.”

மரபணு ஆயுளுக்கும் மாறாது. ஆனால் சான்றிதழ் மூன்று மாதத்தில் செல்லாமல் போகும். ஆண்-மூன்று இப்போதும் ஆண்-மூன்றுதான் என்று ஒவ்வொரு காலாண்டும் நிரூபிக்க வேண்டும். பழைய விரல் பழைய ஆண்-மூன்றுக்கு மட்டுமே சாட்சி. இதுபோக நிதி தருகிற துறைக்குத் தனியாக ஒரு விரல், மூன்றாம் தரப்புத் தணிக்கைக்கு ஒரு விரல், தணிக்கையைத் தணிக்கை செய்கிறவர்களுக்கு ஒரு விரல். வெட்டும் வேலை ஆறு மாதத்தில் வடிவின் கைக்கே வந்துவிட்டது. “உனக்குக் கை நடுங்கல” என்று இயக்குநர் பாராட்டினார். வீட்டில் அவளால் பீன்ஸ் நறுக்க முடியவில்லை. நறுக்கும்போது வரும் அந்தச் சின்னச் சத்தம் ஒன்றுபோலவே இருந்தது. பொரியல் வைப்பதை விட்டுவிட்டாள்.

சிலவற்றுக்குப் பின்னங்கால் விரல்கள் தீர்ந்து முன்னங்கைக்கு வந்தபோதுதான் அவள் அதைக் கவனித்தாள். ஆண் தவளைகள் பெண்ணின் மேல் ஏறின, வழுக்கி விழுந்தன. மறுபடி ஏறின, மறுபடி விழுந்தன. புதுமழைக்கு வயல் வரப்பில் ஆண் தவளை பெண்ணை இறுக்கிக்கொண்டு ராத்திரி முழுக்க விடாமல் கிடப்பதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். மண்வெட்டி பட்டால்கூட விடாது. இங்கே கை எட்டியது, பிடிக்கத்தான் முடியவில்லை.

“பெருவிரல் இல்லாம எப்படிப் பிடிக்கும்?” என்று கேட்டாள்.

ஜெர்லின் புத்தகத்தைப் புரட்டினாள். ஆணின் பெருவிரலில் ஒரு சொரசொரப்பான மெத்தை உண்டு, இனப்பெருக்க காலத்தில் அது தடிக்கும், அதைக் கொண்டுதான் பெண்ணைப் பற்றும் என்று படத்தோடு போட்டிருந்தது. ஜெர்லின் ஒரு குறிப்பு எழுதினாள்: பெருவிரலை வெட்ட வேண்டாம், வெட்டினால் இனம் பெருகாது. அது புரட்டாசியில் மேலே போய்த் தை மாதம் திரும்பி வந்தது. நிபுணர் குழு இந்தக் கருத்தை மிகுந்த அக்கறையோடு பரிசீலிக்கிறது என்றும், இனப்பெருக்கத்தில் பெருவிரலின் பங்கை ஆராய வசதியாக எல்லா ஆண் தவளைகளின் பெருவிரல்களையும் வெட்டி ஒரு வாரத்துக்குள் அனுப்பவேண்டும் என்றும் பதில் சொன்னது.

அனுப்பினார்கள். வடிவுதான் வெட்டினாள். ஆண்-ஒன்பது மட்டும் அன்று உடைந்த சட்டித்துண்டின் அடியில் கிடந்தது. அது அங்கே இருப்பது அவளுக்குத் தெரியும். “தென்படல” என்றாள். பதிவேட்டிலும் ‘தென்படவில்லை’ என்று ஏறியது. பின்னங்காலில் ஐந்து விரல் போயிருந்தாலும் கை இரண்டும் முழுசாக இருந்த ஆண் அதற்குப்பிறகு அது ஒன்றுதான்.

புண் ஆறாமல் சீழ் வைத்து ஏழு தவளைகள் செத்தன. நிலுவையில் இருந்த மாதிரிகளை எடுத்த பிறகே அவை அகற்றப்பட்டன.

மறு ஐப்பசி வந்தது. கடல்பக்கம் மேகம் கருத்துக்கொண்டு நின்றது. தண்ணீர் இறக்க வந்த சொரிமுத்து அண்ணாச்சி, “ஏளா வடிவு, ரெண்டு நாள்ல அடிச்சு ஊத்தும் பாரு” என்றார். இந்த ஒரு மழைக்கு ஆண்-ஒன்பதுக்குக் கை இருந்தால் போதும் என்று அவள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தாள். அன்று மதியம் இயக்குநர் கூப்பிட்டார்.

“ஆண்-ஒன்பதுல பெருவிரல் மாதிரி பாக்கி நிக்குதே. திங்கக்கிழமை கமிட்டி பாக்குது. இன்னைக்கே அனுப்பிரு.”

“மழை முடியட்டும் சார்…”

“கமிட்டிக்கு மழை தெரியாதும்மா.”

கேன்டீனுக்குப் பின்னால் ஒரு சாக்கடை ஓடியது. டேங்கர் ஒழுகும் தண்ணீரும் பாத்திரம் கழுவிய தண்ணீரும் சேருமிடம். லாரித் தண்ணீரோடு எப்படியோ வந்த சாதாரணச் சேற்றுத் தவளைகள் அதில் நூற்றுக்கணக்கில் இருந்தன. யாரும் பாதுகாக்காததால் நன்றாகப் பெருகியிருந்தன. வடிவு குனிந்து கைக்கு அகப்பட்ட ஒன்றைப் பிடித்தாள். பெருவிரலை நறுக்கிக் குப்பியில் போட்டு ‘ஆண்-9’ என்று எழுதினாள். தவளை கையிலிருந்து துள்ளிச் சாக்கடைக்குள் போய்விட்டது. உள்ளே இருந்தால் அருமை, வெளியே இருந்தால் சாக்கடை என்று தானே பிரித்துவிட்டோமே என்று ஒரு கணம் தோன்றியது. குப்பியின் மூடியை இறுக்கித் திருகினாள்.

மழை இரண்டு நாளில் வரவில்லை. அதற்கு முன்னால் பரிசோதனை முடிவு வந்துவிட்டது.

ஜெர்லின் தாளைக் கையில் வைத்துக்கொண்டு தொட்டியறைக்கு ஓடிவந்தாள். “எக்கா, என்னக்கா செஞ்ச? ஒரே இனத்துக்குள்ள இவ்வளவு வித்தியாசம் உலகத்துல எங்கயுமே இல்லியாம். ஆண்-ஒன்பது ஒரு அதிசயமாம். கமிட்டித் தலைவரே நாளைக்கு பிளைட்ல வாராராம்!”

வடிவு சாக்கடைப் பக்கம் கையைக் காட்டினாள். ஜெர்லின் சிலுவை போட்டுக்கொண்டாள்.

மறுநாள் உப்புக்காற்றில் பந்தல் போட்டார்கள். பதாகையில் பச்சை உடம்பும் சிவந்த கண்ணுமாக இந்த நாட்டிலேயே இல்லாத ஒரு தவளை சிரித்தது. தலைவருக்குப் பெரிய முத்து மாலை போட்டார்கள், பிளாஸ்டிக் முத்து. தவளைகள் குளிர்சாதனத்தில் இருந்ததால் விழாவுக்கு அழைக்கப்படவில்லை.

அருமைநாயகம் பேசினார். “நான் பொறுப்பேற்றபோது இந்த மையத்தில் தவளைகள் மட்டுமே இருந்தன. ஒரு தரவுகூட இல்லை. இன்று நம்மிடம் நானூற்றுப் பன்னிரண்டு மாதிரிகள் இருக்கின்றன. தவளைகள் முப்பத்தாறிலிருந்து இருபத்தொன்பதாகிவிட்டனவே என்று சிலர் குறை சொல்லலாம். ஆனால் ஒரு தவளைக்கு எத்தனை மாதிரி என்று பார்த்தால் நாட்டிலேயே நாம்தான் முதலிடம். தவளை குறையக் குறைய இந்த விகிதம் இன்னும் உயரும் என்று உறுதி கூறுகிறேன்.”

கைதட்டினார்கள். தலைவர் எழுந்தார். “உறையறையில் ஒரு விரல் ஐநூறு வருஷம் இருக்கும். வெளியே ஒரு தவளை ஏழு வருஷம் இருக்காது. நாம் எதைப் பாதுகாக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள். ஆண்டவன் ஒவ்வொரு தவளைக்கும் பதினெட்டு மாதிரிகளைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். அதை வீணாக்குவது பாவம். ஆண்-ஒன்பதிடம் மிச்சமிருப்பது எத்தனை?”

“பன்னிரண்டு சார்” என்றார் இயக்குநர், தாளைப் பார்த்து.

“ஆறு ஆய்வகம். ஆளுக்கு இரண்டு. வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேரட்டும்.”

பின்வரிசையில் சமோசாத் தட்டோடு நின்றிருந்தாள் வடிவு. தட்டை ஒரு நாற்காலியில் வைத்துவிட்டுப் பந்தலுக்கு வெளியே போய் நின்றாள். மேடைக்காரர்கள் மீதான அருவருப்பு பழகிப்போனது. இது வேறு. ஒரு பெருவிரலைக் காப்பாற்றப் போய்ப் பன்னிரண்டையும் பிடித்துக் கொடுத்தது அவளுடைய கை.

சாயங்காலம் இயக்குநர் அறைக்குப் போய் உள்ளதைச் சொன்னாள். வேலை போகும் என்று தெரிந்தேதான் சொன்னாள். அவர் எழுந்து கதவைச் சாத்தினார். “ஏம்மா இப்படிப் பண்ணுன?”

“கையில விரல் உள்ள ஆண் அது ஒண்ணுதான் சார். அதுவும் போயிட்டா இனமே இல்ல.”

அருமைநாயகம் ரொம்ப நேரம் மேசையில் விரலால் தட்டிக்கொண்டிருந்தார். பிறகு முகம் தெளிந்தது. “சாக்கடைத் தவளை இந்த மையத்துல இருக்க முடியுமா?”

“முடியாது சார்.”

“ஆண்-ஒன்பது இந்த மையத்தைச் சேர்ந்ததா, இல்லையா?”

“சேர்ந்ததுதான்.”

“ஆண்-ஒன்பதோட மரபணு என்னன்னு ரிப்போர்ட் வந்து, டெல்லியில சீல் குத்தியாச்சு. அந்த மரபணு எந்தத் தவளைக்கு இருக்கோ அதுதான் ஆண்-ஒன்பது. போய் அதை உள்ள கொண்டு வா.”

“அது எதுன்னு தெரியாது சார். அங்கன நூத்துக்கணக்குல கெடக்கு.”

“நீ கையெழுத்துப் போட்டா அதுதான்.”

“முதுகுல வரி இருக்காதே சார்.”

“வரி இல்லாததுதான் அதோட அதிசயம்.” அவர் அதை ஒரு தாளில் குறித்துக்கொண்டார். “ரிக்கார்டுல ஆண்-ஒன்பதுக்குப் பின்னங்கால்ல அஞ்சு, கையில ஒரு பெருவிரல், ஆக ஆறு விரல் கிடையாது. அதைச் சரிபண்ணிரு.”

“அப்போ தொட்டியில இருக்கது, சார்?”

“எது? ஓ, அதுவா. அது பதிவில்லாத பிராணி. தொற்று வரும். நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ள வளாகத்தை விட்டு வெளியேத்திரு.”

வெளியே வந்தபோது அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டியது. ஆண்-ஒன்பதுக்கு விடுதலை. ஆனால் ஒற்றை ஆணைக் கொண்டுபோய் எங்கே விட்டு என்ன செய்ய? வெளியே அதன் இனம் இல்லை. பெண்கள் எல்லாம் பதிவுபெற்றவை. ஒன்று குறைந்தாலும் திருட்டு.

“எண்ணிக்கை குறையக்கூடாது, அவ்வளவுதானக்கா?” என்று மறுநாள் ஜெர்லின் மெல்லச் சொன்னாள். “பெண்-பதினேழு மேல்கட்டு. இவன் கீழ்க்குளம். ரெண்டும் சேரணும்னுதான் மையமே. நான் இப்போ ஜெபம் பண்ணப் போறேன். கண்ணை மூடினா நான் ஒண்ணும் பாக்க மாட்டேன்.”

சாக்கடையிலிருந்து ஒரு பெண் தவளையைப் பிடித்துவர ஐந்து நிமிஷம் ஆகவில்லை. வரிக்காக இனி யாரும் கவலைப்படப் போவதில்லை. அதற்கு அறிக்கை இருக்கிறது. ஆனால் பதிவேட்டில் பெண்-பதினேழுக்குப் பதினொரு விரல் கிடையாது. இந்தத் தவளைக்குப் பதினெட்டும் இருந்தது.

ஆண்-ஒன்பதாக ஆக்கிய தவளைக்கு அன்று காலையில் ஆறு விரலை வெட்டினாள். அது அதிகாரி சொன்னது என்று மனசை ஆற்றிக்கொண்டிருந்தாள். இதை யாரும் சொல்லவில்லை. வடிவு கத்தரிக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு தொட்டியின் ஓரத்தில் உட்கார்ந்தாள். அந்தத் தவளை கொழுகொழுவென்று, ஒரு நோய்நொடி இல்லாமல், உள்ளங்கைக்குள் தொண்டை துடிக்க உட்கார்ந்திருந்தது. அது யாருக்கும் அரிதில்லை. அதன் பேரில் ஒரு கோப்பும் கிடையாது. நீ நிறைய இருக்கிறாய், அதனால் உன்னை வெட்டலாம். நீ கொஞ்சம் இருக்கிறாய், அதனால் உன்னை வெட்டலாம் என்று இரண்டு பக்கமும் அவளே பேசிப் பார்த்தாள். இரண்டிலும் கத்தரிக்கோல் அவளிடமே இருந்தது.

வெட்டினாள். கை நடுங்கியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். நடுங்கவில்லை. பதினொன்று முடிந்ததும் தவளையைத் தொட்டிக்குள் விட்டாள், விரல்களை எங்கே போடுவது என்று தெரியவில்லை. கழிவுத் தொட்டிக்கும் பதிவேடு உண்டு. காலண்டர் தாளைக் கிழித்து மடித்து முந்தானையில் முடிந்துகொண்டாள்.

ஆணையும் பெண்-பதினேழையும் ஈரத் துணி விரித்த தூக்குச்சட்டியில் வைத்து, வாயில் ஒரு வலையைக் கட்டி, ஏரல் பஸ்ஸில் ஏறினாள். தூத்துக்குடியைத் தாண்டும்போதே தூறல் விழுந்தது. சாயர்புரத்தில் ஒரு பெரிய அம்மா ஏறிப் பக்கத்தில் உட்கார்ந்தாள். மூக்கை நீட்டிச் சட்டியைப் பார்த்தாள்.

“ஏளா, உள்ள என்ன, குழம்பா?”

“தவளைம்மா.”

“அட நாசமாப் போக! எதுக்கு?” என்றவள், ஆசை விடாமல் வலை வழியாக எட்டிப் பார்த்தாள். “மேல உக்காந்திருக்கது பிள்ளையா?”

வடிவும் குனிந்து பார்த்தாள். ஆண் பெண்ணின் முதுகில் ஏறி இரண்டு கையாலும் அக்குளை இறுக்கிக்கொண்டிருந்தது. பஸ் பள்ளத்தில் விழுந்து எழுந்தது. அது விடவில்லை.

“மாப்பிள்ளை” என்றாள்.

“பஸ்ஸுல வச்சேவா! வெக்கங்கெட்ட ஜென்மம்” என்று அம்மா வாயைப் பொத்திச் சிரித்தாள். பிறகு கண்ணைச் சுருக்கினாள். “கீழ உள்ளதுக்கு என்ன, கால்ல விரலக் காணும்?”

“ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க.”

“என்னத்தக் கண்டுபிடிச்சாங்களாம்?”

“இது பொன்வரித் தவளைன்னு.”

“முதுகப் பாத்தாலே தெரியுதே” என்றாள் அம்மா.

ஏரலுக்கு முந்தின நிறுத்தத்தில் இறங்கி வாய்க்கால் கரைக்கு நடந்தபோது மழை கனத்துவிட்டது. வெளிச்சம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருந்தது. வயலெல்லாம் தண்ணீர் நிறைந்து, அந்த ஊர்த் தவளைகள் எல்லாம் ஒரே நேரத்தில் தொண்டையைத் திறந்திருந்தன. கோரை அடர்ந்த ஓரமாகக் குனிந்து சட்டியைச் சாய்த்தாள். இரண்டும் பிரியாமல் ஒரே பொருளாக நழுவித் தண்ணீருக்குள் போயின. சேறு கலங்கித் தெளிந்தது. ஒன்றும் தெரியவில்லை.

முந்தானையை அவிழ்த்து மடித்த தாளை எடுத்தாள். அதைத் தண்ணீரில் போடக் கை வரவில்லை. கரையில் போடவும் வரவில்லை. அப்போது போன் அடித்தது. இயக்குநர்.

“வடிவு, நாளைக்குக் கொஞ்சம் சீக்கிரம் வா. பெண்-பதினேழோட மாதிரி காலாவதி ஆயிருச்சாம், கமிட்டி புதுசு கேக்குது. இன்னும் எத்தனை இருக்கு அதுக்கு?”

அவளுக்குத் தொட்டியில் விட்டு வந்த சாக்கடைத் தவளையின் முகம் நினைவுக்கு வந்தது. உள்ளங்கையில் துடித்த தொண்டை வந்தது.

“ஏழு சார்.”

“ஏழா? போதும், ரெண்டு வருஷம் ஓட்டிரலாம். என்னது? ஹலோ? என்னம்மா அங்க ஒரே இரைச்சல், நீ பேசறது ஒண்ணும் கேக்கல.”

“தவளை சார்.”

“சனியன். கொஞ்சம் தள்ளி வந்து பேசு.”

வடிவு தாளைக் கைக்குள் இறுக்கிக்கொண்டு கரையேறினாள். சத்தம் தேய்கிற தூரம்வரை நடந்துபோய், “சரி சார்” என்றாள்.